வேலூரிலிருந்து வானத்தைப் படம் பிடிக்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "விண்வெளி, மின்னல், மலைக்காட்சி, பால்வீதி என்று தினமும் போனில் ஏதாவது ஒரு படம் வந்து விழுகிறது. வாயைப் பிளந்து பார்க்கிறேன். அந்த நிறமெல்லாம் நிஜமா, இல்லை கம்ப்யூட்டரில் ஏற்றியதா? நம் பக்கம் வெயிலும் பாறையும் காய்ந்த பாலாறும்தான். இங்கிருந்து அப்படி ஒரு படமாவது எடுக்க முடியுமா?"

கேள்வி இரண்டு. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் சுற்றிவர வேண்டும். அதற்கு என் பழைய தொழிலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளில் வேலூரில் ஒரு கலர் லேபில் பிலிம் கழுவி ப்ரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ப்ரிண்ட் போடும் மெஷினில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று வரிசைப் பொத்தான்கள் இருக்கும். கல்யாண ஆல்பம் வாங்க வரும் பெண் வீட்டார், "முகூர்த்தப் புடவை அரக்குங்க, இது என்ன ரத்தச் சிவப்பா இருக்கு?" என்பார்கள். இரண்டு பொத்தான் தள்ளி மறுபடி ப்ரிண்ட் போட்டால் புடவை அரக்காகிவிடும். ஆனால் மாப்பிள்ளை முகம் பச்சையடிக்கும். நெகட்டிவ் அதேதான். எது "நிஜ நிறம்" என்று முடிவு செய்தது கேமரா இல்லை, ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்த நான். ஆகவே நிறம் ஏற்றியதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஏற்றாத நிறம் எந்தப் படத்திலும் இல்லை. எதை வைத்து ஏற்றினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சிவகாசி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் படம் அத்தனை பளபளப்பாக வருவதற்கு நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலு தகடு. எந்தத் தகட்டையும் தனியாகப் பார்த்தால் அதில் நிறமே இருக்காது. எங்கே எவ்வளவு மை என்ற கணக்குதான் இருக்கும். விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைதான். ஒவ்வொரு முறையும் ஒரு வடிகட்டியை முன்னால் வைத்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிக்கிறார்கள்.

1995 ஏப்ரல் 1 அன்று எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில், கழுகு நெபுலா என்னும் வாயு, தூசி மேகத்துக்குள் மூன்று பழுப்பு விரல்கள் எழுந்து நிற்குமே, அது. அதற்கு வைத்த மூன்று வடிகட்டிகள் கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் விடும் ஒளிக்கானவை. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். உண்மையில் ஹைட்ரஜனும் சிவப்பு, கந்தகமும் சிவப்பு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிரித்துக் காட்டுவதற்காக ஒன்றைப் பச்சைக்குத் தள்ளினார்கள். இதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மேப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நிறம் அடிக்கிறோம். அதற்காக ராணிப்பேட்டை மாவட்டம் மஞ்சளாக இருக்கிறது என்று யாரும் நம்புவதில்லை.

அங்கே நேரில் போய் நின்றாலும் நம் கண்ணுக்கு அந்த நிறம் தெரியாது. மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் பிரியாது. சாம்பலாய் ஒரு மூட்டம்தான் தெரியும். கரண்ட் போன ராத்திரியில் கொடியில் காயும் புடவை எல்லாம் ஒரே நிறமாக இருக்குமே, அப்படி.

2021 டிசம்பர் 25 அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கதை இன்னும் ஒரு படி மேலே. 6.5 மீட்டர் கண்ணாடி. அது பார்ப்பதில் பெரும்பகுதி அகச்சிவப்பு, அதாவது நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. கண்ணுக்கே எட்டாததற்கு நிஜ நிறம் என்று எதைச் சொல்வது? அதனால் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். நம் குரலுக்கு எட்டாத கீழ்ஸ்தாயியில் இருக்கும் பாட்டை, ஸ்வரம் பிசகாமல் கட்டையை ஏற்றிப் பாடுவது போல. 2019 ஏப்ரல் 10 அன்று வெளிவந்த கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு வளையமும் இதே சங்கதிதான். அது ரேடியோ அலையில் எடுத்தது. ஆரஞ்சு அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். புயல் சமயத்தில் டிவியில் காட்டும் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். நள்ளிரவிலும் மேகம் வெள்ளையாகத் தெரிகிறதே, அங்கே ஏது வெளிச்சம்? 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகத்தின் வெப்பத்தை அகச்சிவப்பில் அளக்கிறார்கள். எது அதிகக் குளிரோ அது அதிக வெள்ளை. உயரமான மேகத்தின் உச்சிதான் அதிகம் குளிர்ந்திருக்கும். அதனால் பளீரென்று வெள்ளையாக இருக்கும் இடத்தில் பெரிய இடிமேகம் நிற்கிறது என்று படிக்கலாம்.

நிஜமாகவே ஏமாற்றுகிற படமும் உண்டு. தீபாவளி வந்தால் ஒரு படம் தவறாமல் சுற்றும்: "நாசா எடுத்த தீபாவளி இரவு இந்தியா." வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று தேசம் முழுக்க ஜொலிக்கும். அது ஓர் இரவில் எடுத்ததே இல்லை. அமெரிக்க வானிலை செயற்கைக்கோள்களின் பல வருடத் தரவை வைத்து 2003-ல் தயாரித்த படம். 1992-க்கு முன்பே எரிந்த விளக்குகள் வெள்ளை. 1992-ல் புதிதாகத் தெரிந்தவை நீலம். 1998-ல் வந்தவை பச்சை. 2003-ல் வந்தவை சிவப்பு. நம் ஊர்கள் எப்படிப் பெருத்தன என்று காட்டும் அருமையான படம். அதை ராக்கெட் வெடி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். படம் உண்மை, கீழே எழுதிய வரிதான் பொய். ஏமாற்று என்று நான் பார்த்ததில் பாதிக்குமேல் இந்த ரகம்தான்.

இதற்கு நேரெதிராக, யாரும் கீழே வரி எழுதாததால் நமக்கே தெரியாமல் போன ஒன்றும் இருக்கிறது. 1972 டிசம்பர் 7 அன்று நிலவுக்குப் போன அப்போலோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த முழு பூமியின் படம், 'நீலக் கோலி' என்பார்களே, அது. உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று. நடுவில் ஆப்பிரிக்கா, கீழே அண்டார்டிகா. அதன் வலது மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைச் சுழி இருக்கும். இரண்டு நாள் முன்பு கடலூர்ப் பக்கம் கரையேறித் தமிழ்நாட்டை அலைக்கழித்த புயல் அது. வீட்டுக்கூரை பறந்தவர்கள் எல்லாரும் அந்தப் புகழ்பெற்ற படத்துக்குள் இருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று லென்ஸை வைத்து அந்த ஓரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

வெயிலும் பாறையும்தான் என்று குறைப்படுகிறீர்கள். படம் எடுப்பவனுக்குப் பாறை பெரிய சொத்து, தம்பி. பச்சை மலை ஒளியைக் குடித்துவிடும். மொட்டைப் பாறை திருப்பிக் கொடுக்கும். காலை ஆறரை மணிக்கு வேலூரைச் சுற்றியுள்ள உருண்டைப் பாறைக் குன்றுகளைப் பாருங்கள். சாய்ந்த வெயில் பட்டு ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். எட்டரை மணிக்கு அதே குன்று பேப்பரில் வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாகிவிடும். கத்திரியில் ஒன்பது மணிக்கு மேல் கேமராவை வெளியே எடுப்பதே வீண். தூரத்துக் காட்சி எல்லாம் கானலில் நெளியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும்.

காய்ந்த பாலாறும் அப்படித்தான். மணலில் காற்று போட்ட வரி மாலை வெயிலில் அழகாக விழும். 2021 நவம்பரில் இதே ஆற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர் போனபோது ஊரே பாலத்தில் நின்று போனை நீட்டியது. அந்தப் படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. அதே இடத்தில், அதே கோணத்தில், மே மாதம் எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பாலாறு என்றால் என்ன என்று வெளியூர்க்காரனுக்குப் புரியும்.

மேகத்துக்கு மொட்டை மாடியே போதும். செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் கிழக்கே மலை மறைக்காத மாடியாகப் பார்த்து ஏறி நில்லுங்கள். சென்னைக்கு மேலே 15 கிலோமீட்டர் உயரத்துக்கு ஓர் இடிமேகம் எழுந்தால், 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு அதன் தலை அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்தில் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே சூரியன் மறைந்த பிறகும் அந்த உச்சிக்கு மட்டும் வெயில் இருக்கும். தெருவில் விளக்கு போட்டிருப்பார்கள், கிழக்கே பட்டறைக்கல் போலத் தட்டையான அந்த மேகத்தலை ரோஜா நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். பத்து நிமிஷம்தான், அதற்குள் சாம்பலாகிவிடும்.

மின்னலுக்கு வேகமான விரல் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டியதெல்லாம் பொறுமையான ஸ்டாண்ட். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் வாயின் திறப்பு) 8, ஷட்டர் பத்துப் பதினைந்து விநாடி. தூரத்து டவர் விளக்கில் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டு, விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருங்கள். மின்னல் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். நூறு படத்தில் மூன்று தேறினால் நல்ல இரவு. மின்னல் வெட்டியதிலிருந்து இடிச்சத்தம் வரும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் சத்தம் வந்துவிட்டால் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். மாடியில், கையில் இரும்பு ஸ்டாண்டோடு நிற்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. புளியமரத்தடியில் ஒதுங்குவதும் அதே கணக்குதான்.

வானவில்லுக்கு ஒரே விதி. முதுகில் வெயில், முகத்துக்கு எதிரே மழை, சூரியன் 42 டிகிரிக்குக் கீழே. நம் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாலை மழைதானே, ஆகவே நாலரைக்கு மேல் கிழக்கே பாருங்கள். பனிமூட்டத்துக்கு மார்கழி, தை. விடியலில் பாலமதியிலோ ஏலகிரியிலோ ஏறி நின்று கீழே பார்க்க வேண்டும்.

பெரிய நிலா படம் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். கோபுரத்துக்குப் பின்னால் கோபுரம் அளவே நிலா. ஒட்டுவேலை என்று சண்டையே போடுவார்கள். ஒட்டியதும் உண்டு, சில போன்கள் நிலாவின் தழும்புகளைத் தாமே வரைந்தும் வைக்கின்றன. ஆனால் ஒட்டாமலும் முடியும். நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான், நீங்கள் எங்கே நின்றாலும் அது மாறாது. கோபுரம்தான் தள்ளிப் போகப் போகச் சிறுக்கும். 30 மீட்டர் கோபுரம் நிலா அளவுக்குச் சிறுக்க வேண்டும் என்றால் சுமார் 3.3 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து நீண்ட லென்ஸில் இழுத்தால் இரண்டும் சரிசமமாக நிற்கும். மலை சூழ்ந்த வேலூரில் அப்படி ஒரு நேர்க்கோடு கிடைப்பது கஷ்டம். பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை முயற்சி செய்யுங்கள். நிலா எழும்போது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும், கோபுரமும் தெரியும்.

இனி ராத்திரி வானம். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். அங்கே 1968-ல் ஒரு வானாய்வகம் வேலையை ஆரம்பித்தது. இப்போது அதன் பெயர் வைணு பாப்பு வானாய்வகம். வானம் இருட்டு என்பதோடு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 12½ டிகிரியில் இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் இரண்டுமே தெரியும். வானியலாளர் வைணு பாப்பு 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த புகைப்படத் தகட்டிலேயே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் கனவு. 1982-ல் அவர் இறந்துவிட்டார். தொலைநோக்கி 1986 ஜனவரியில்தான் அவர் பெயரோடு திறந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அடுத்தடுத்து எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தால், அது சிறுகோளாக இருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1977 மார்ச் 10-ல் நடந்தது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பார்த்தது. கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கிமங்கித் தெளிந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று அன்றுதான் வெளிப்பட்டது. அங்கே பதிவானது அழகான படம் எதுவும் இல்லை. காகிதத்தில் ஒரு கோடு, அதில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஆனாலும் எனக்கு அது நம் மலையிலிருந்து எடுத்த விண்வெளிப் படம்தான்.

பால்வீதியின் நடுப்பகுதி நமக்கு 48 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டன்காரனுக்கு அது பத்து டிகிரிகூட வராது. வீட்டுக்கூரைக்குப் பின்னாலேயே போய்விடும். திரிசங்கு என்று நம் கதையில் வருகிறதே, தெற்குச் சிலுவை, அதையும் ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே தாழ்வாகப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மேகம், கோடை மாலையில் தூசி. ஆக எனக்குத் தோன்றும் நல்ல நேரம் மார்ச், ஏப்ரல், அதிகாலை மூன்றிலிருந்து நாலரை வரை. தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து, முன்பின் மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். அகல லென்ஸ், அபெர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 3200, இருபது விநாடி. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வரும் விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும். சின்ன சென்சார் கேமரா என்றால் அதையும் குறைக்க வேண்டும். போனில் ப்ரோ மோட் இருந்தால் போனும் போதும், ஒரு கல்லில் சாய்த்து வைத்துக்கூட.

நெடுஞ்சாலை ஓரமாக எடுக்க நினைக்காதீர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வெளிச்சம் ஒன்றோடொன்று சேர்ந்து வடக்கு வானத்தை வெளுக்க வைத்துவிட்டது. மலையில் இருந்துகொண்டு தெற்கே திரும்புங்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், கரடி இருக்கிறது. ஊர் ஓரத்தில், தெரிந்தவர் கொல்லையில் சொல்லிவிட்டு நிற்பதே மேல். வானாய்வகத்தின் பக்கம் போனால் வண்டியின் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு திரியாதீர்கள். அங்கே ஒரு நட்சத்திரத்துக்காக யாரோ ஆறு மாதம் காத்திருந்திருப்பார்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசம்பர் 13 ராத்திரி, ஜெமினிட் எரிகல் மழைக்காக ஜவ்வாது மலையில் ஸ்டாண்டைப் போட்டு, கேமராவைத் தானாக எடுக்கவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். கண்ணால் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். ஒன்று பச்சையாக, மலை முகடுவரை இழுத்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் ஒரு மணிக்கு மேல் எடுத்த படம் அத்தனையும் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. லென்ஸில் பனி இறங்கியிருக்கிறது. ஒரு தடவைகூட எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. இப்போது பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் படுக்கிறேன்.

லேபில் இருந்த காலத்துத் தப்பு இன்னும் மோசம். ஒரு கல்லூரிப் பையன் ஒரு ரோல் கொடுத்தான். கழுவிப் பார்த்தால் முப்பத்தாறும் வெறிச்சோடிக் கிடந்தது. ஒன்றும் விழவில்லை என்று ப்ரிண்ட் போடாமல், கழுவிய காசு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து நெகட்டிவ் மேல் வைத்து, "அண்ணா, இங்க பாருங்க" என்றான். வெறும் பிலிமில் முடி முடியாகக் கறுப்பு வளைவுகள், எல்லாம் ஒரே புள்ளியைச் சுற்றி. துருவ நட்சத்திரம். மொட்டை மாடியில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். அன்று ராத்திரி அவனுக்காக மெஷினைத் தனியாக ஓட்டினேன், நிறத்தை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் வெகுநேரம் வாதாடினோம். அவன் நீலம் கேட்டான். நான் கறுப்பு என்றேன். கடைசியில் இரண்டும் போட்டோம்.

அடுத்த அமாவாசைக்குப் போகிறீர்கள் என்றால் கம்பளியும் பிளாஸ்க்கில் டீயும் மறக்க வேண்டாம். மார்ச்சில்கூட மேலே மூன்று மணிக்குக் குளிரும்.